கடலோரத்து மாணவிக்குக் காட்டுயிர் முதுகலை பொருந்துமா?

பெரியபட்டினம் மாணவி:
இவ்வாண்டு இளநிலை விலங்கியல் முடித்திருக்கிறேன். காட்டுயிர் மேலாண்மையில் மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்று சொன்னதற்கு, "நம்மூரில் கருவேலங்காட்டை விட்டால் வேறு காடு ஏது?" என்று வள்ளத்துக்குப் போகும் என் அப்பா கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதைத் தமிழ்நாட்டிலேயே படிக்க இயலுமா, படித்த பின் இந்தக் கரையிலேயே ஆய்வு செய்ய வழியுண்டா என்பதை விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

முன்னாள் மாணவர்:
தங்கைக்கு, மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் முதுகலைப் படிப்பு உண்டு. டேராடூனில் உள்ள இந்தியக் காட்டுயிர் நிறுவனத்துக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் படிப்புக்கு ஆண்டுதோறும் ஆள் எடுப்பதில்லை; அறிவிப்பைக் கவனிக்காமல் விட்டு நான் வீணாகக் காத்திருந்தேன். படிப்பின் பெயரில் 'மேலாண்மை' இருக்கிறதா என்பதைவிட, ஆய்வேட்டுக்காக எத்தனை மாதம் களத்தில் விடுகிறார்கள் என்று விசாரியுங்கள்.

மண்டபம் பக்கத்துக் கள ஆய்வாளர்:
உங்கள் அப்பாவின் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். நம் காடு தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. ஆவுளியா என்னும் கடல்பசு, கடல்தாழை என்னும் கடற்புல்லை வேரோடு பிடுங்கி மேய்ந்து போன இடத்தில், ஏறக்குறைய ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மணல் கோடாகத் தெரியும். அவர் ஏளனமாகச் சொன்ன கருவேலமும் வீணில்லை. பறவைகள் சரணாலயமான சித்திரங்குடிக் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில்தான் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன.

ஆனால் உயிரினங்களை எண்ணுவது மட்டும் மேலாண்மை ஆகாது. கடல் அட்டை பிடிப்பதற்கு 2001-இல் தடை வந்தபோது கடலில் மூழ்கி அதை எடுத்துப் பிழைத்தவர்களின் வருமானம் என்ன ஆயிற்று என்று கேட்பதும் இந்தப் படிப்பில் அடங்கும். என் முதல் களப்பணியில், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடற்பாசி எடுக்கப் புறப்பட்ட ஓர் அம்மாவிடம், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கிடைக்கும் என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன். "தீவுப் பக்கம் வராதே என்கிறீர்களே, அடுப்பெரிய என்ன வழி என்று அதில் எழுதியிருக்கிறதா, தம்பி?" என்று அவர் திருப்பிக் கேட்டார். என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. எங்கே சேர்ந்தாலும் ஆய்வேட்டுக்கு இந்தக் கரையையே கேட்டு வாங்குங்கள். வெளியூரிலிருந்து வருபவருக்கு இங்குள்ள பேச்சு பிடிபடவே ஒரு பருவம் கழிந்துவிடும்.

பெரியபட்டினம் மாணவி:
இருவருக்கும் நன்றி. அந்த மணல் கோட்டைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழத்தில், எந்தக் காற்றுக் காலத்தில் பார்த்தார் என்று சாப்பாட்டை நிறுத்திவிட்டு விவரித்தார். அதைக் குறித்து வைத்திருக்கிறேன். மன்னம்பந்தலில் களப்பணி மாதங்களை விசாரித்துவிட்டு மீண்டும் எழுதுகிறேன்.