பொதுப் பணத்தில் வாங்கிய கருவி: 5,000 டாலர் வரம்பா, 10,000 டாலர் வரம்பா?

சரக்கறை:
அமெரிக்காவின் நில மானியப் பல்கலைக்கழகங்களில் (பெரும்பாலும் மத்திய அரசு தந்த நிலத்தை விற்ற பணத்தில் வளர்ந்தவை) வேலை பார்க்கும் நம்மவர்கள் இங்கே பலர் இருப்பதால் இதைக் கேட்கிறேன். மத்திய அரசின் கிராண்டில், அதாவது ஆய்வு நிதியுதவியில், வாங்கும் பொருள் ஓராண்டுக்கு மேல் உழைக்கும், விலையும் 5,000 டாலரைத் தொடும் என்றால் இதுவரை அது ‘கருவி’. ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், பதிவேட்டில் ஏற்ற வேண்டும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது நேரில் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் அந்த வரம்பு 10,000 ஆகிவிட்டது. கட்டாயம் இல்லை, பல்கலைக்கழகம் நினைத்தால் குறைவாகவே வைத்துக்கொள்ளலாம். எங்கள் இடத்தில் உயர்த்தப் போகிறார்கள். நான் சொத்துப் பிரிவில் இருக்கிறேன், இது தவறு என்று நினைக்கிறேன். டி.என்.ஏ.வைப் பெருக்கும் பிசிஆர் இயந்திரம், மேசை மேல் வைத்துச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ், ஓரளவு நல்ல மைக்ரோஸ்கோப் எல்லாம் இந்த இடைவெளியில்தான் வருகின்றன. ஒரு பேராசிரியர் வேறு ஊருக்கு மாறிப் போனால், எது அவரோடு போனது, எது இங்கேயே இருக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

மக்காச்சோளம்:
பயிர் மரபியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு நேர் எதிரான கருத்து. அந்த 5,000 பல ஆண்டுகளாக மாறாமல் கிடந்த எண். விலைவாசி ஏற ஏற, முன்பு சில்லறைச் சாமானாக இருந்ததெல்லாம் ‘கருவி’ ஆகிவிட்டது. கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரின் ஸ்டிக்கர் பின்பக்கத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு அலமாரி. எல்லாவற்றையும் நகர்த்தி, டார்ச் அடித்து, தூசியைத் துடைத்து, பார்கோடு படிக்காமல் எண்ணைக் கையால் எழுதுகிறோம். விதை மாதிரிகளைப் பதிவு செய்ய வேண்டிய மாணவருக்கு அன்றைய நாள் போயே போச்சு. இதற்கும் பொதுப் பணம்தானே செலவாகிறது?

சரக்கறை:
ஸ்டிக்கரை முன்னால் ஒட்டச் சொல்லுங்கள், அது தீர்க்கக்கூடிய விஷயம். நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கருவிக்கு ஓவர்ஹெட், அதாவது நிர்வாகச் செலவுக்காகப் பல்கலைக்கழகம் கிராண்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் சதவீதம், கிடையாது. வரம்புக்குக் கீழே வந்தால் அது வெறும் ‘சாமான்’, அதன் மேல் ஓவர்ஹெட் ஏறும். விகிதம் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 8,000 டாலர் பிசிஆர் இயந்திரம் பழைய வரம்பில் கிராண்டிலிருந்து 8,000 எடுக்கும். புதிய வரம்பில் 12,000 எடுக்கும். வேலை குறைகிறது என்று சந்தோஷப்படும் ஆய்வகங்கள் இந்த 4,000 டாலரைப் பற்றி யோசித்தனவா?

மக்காச்சோளம்:
யோசித்தோம். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் (என்.எஸ்.எஃப்) கிராண்டுக்கு நீங்கள் சொல்வது சரி, அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் எங்கள் வயல் வேலையின் அடிப்படைச் செலவு ஹாட்ச் பணத்தில் ஓடுகிறது. 1887-ஆம் ஆண்டு ஹாட்ச் சட்டத்தின் கீழ் வேளாண் பரிசோதனை நிலையங்களுக்கு வரும் அந்தப் பணத்தில் ஓவர்ஹெட் எடுக்கவே கூடாது. ஆகவே எல்லோருக்கும் ஒரே கணக்கு இல்லை.

ஏரிக்கரை:
நடுவே ஒரு பழைய கதை. அயோவா ஸ்டேட்டும் நில மானியப் பல்கலைக்கழகம்தான். இந்தப் பல்கலைக்கழகங்களுக்காக நிலம் தந்த மோரில் சட்டம் வந்த 1862-லேயே அதை முதலில் ஏற்றுக்கொண்ட மாநிலம் அயோவா. அங்கே பேராசிரியர் அட்டனாசாஃபும் அவர் மாணவர் பெர்ரியும் 1939 முதல் 1942 வரை உழைத்துக் கட்டிய மின்னணுக் கணினியை, கட்டடத்தின் அடித்தளத்தை வகுப்பறை ஆக்குவதற்காக 1948-ல் பிரித்துப் போட்டார்கள். நினைவக உருளை ஒன்றுதான் மிஞ்சியது. ஒரு பொருளை அகற்றும் முன் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி இதற்காகத்தான் வேண்டும்.

மக்காச்சோளம்:
ஏரிக்கரை, அதன் அருமை அன்றைக்கு அந்த இடத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஸ்டிக்கர் இருந்திருந்தால் ‘பழுது, அகற்றலாம்’ என்று எழுதி, அதே கையெழுத்தோடு குப்பைக்கு அனுப்பியிருப்பார்கள்.

தென்காற்று:
நான் 1890-ஆம் ஆண்டு இரண்டாம் மோரில் சட்டத்தின் கீழ் வந்த கறுப்பினத்தவர் பல்கலைக்கழகம் ஒன்றில் இருக்கிறேன். உங்கள் விவாதம் வசதியுள்ள வீட்டுக் கணக்காக இருக்கிறது. 2023 செப்டம்பரில் மத்திய கல்வி அமைச்சரும் வேளாண் அமைச்சரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். மூன்று பத்தாண்டுகளில் இந்தப் பல்கலைக்கழகங்களுக்கு மாநிலங்கள் குறைத்துக் கொடுத்த தொகை 1,200 கோடி டாலருக்கு மேல். டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 210 கோடி. மத்திய அரசு தரும் ஒவ்வொரு டாலருக்கும் மாநிலம் ஒரு டாலர் போட வேண்டும் என்பது விதி. எங்கள் வகைப் பல்கலைக்கழகங்களுக்கு அதில் பாதி வரை விலக்குக் கேட்கலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், மாநிலங்கள் அந்தக் கதவு வழியாக நழுவிக்கொள்கின்றன. கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் எங்கள் துறையின் கேஸ் குரோமடோகிராஃபில் ஸ்டிக்கர் பளபளவென்று இருக்கிறது. இயந்திரம்தான் ஓடவில்லை. வாங்க கிராண்ட் கிடைத்தது, பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் தர ஆள் இல்லை.

சரக்கறை:
தென்காற்று, நீங்கள் சொன்னது மனதை உறுத்துகிறது, ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. மத்தியப் பணத்தில் வாங்கிய கருவியை, சொந்த வேலை கெடாத வரை, மத்திய உதவி பெறும் மற்ற திட்டங்களுக்கும் பயன்படுத்தக் கொடுக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. பட்டியலே இல்லாவிட்டால் எதைக் கொடுப்பது? மோரில் சட்டம் எவ்வளவு கறாரானது என்று நினைத்துப் பாருங்கள். நிலம் விற்ற மூலதனம் குறைந்தால் மாநிலமே ஈடுகட்ட வேண்டும், அதன் வட்டியில் கட்டடம் கட்டவோ பழுதுபார்க்கவோ கூடாது. அந்தக் கறாரால்தான் அந்தப் பணம் நிலைத்தது.

மக்காச்சோளம்:
உங்கள் பட்டியலில் அறை எண் இருக்கிறது, வாங்கிய தேதி இருக்கிறது. ஓடுகிறதா, வாரத்தில் எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது என்று இருக்கிறதா? தென்காற்றுக்கு வேண்டியது அதுதான். வரம்பை 10,000 ஆக்குங்கள். மிச்சமாகும் ஆள் நேரத்தைப் பெரிய கருவிகளின் பயன்பாட்டைக் குறித்து வைக்கச் செலவிடுங்கள்.

சரக்கறை:
மிச்சமாகும் நேரத்தை யாரும் நம் கையில் தர மாட்டார்கள், பதவி ஒன்றைத்தான் ரத்து செய்வார்கள். 5,000 முதல் 10,000 வரையுள்ள பொருள்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஆய்வகமே ஒரு வரி நிரப்பட்டும்: இருக்கிறதா, ஓடுகிறதா, இரவல் தரலாமா. நாங்கள் ஃப்ரீசரை நகர்த்த வரமாட்டோம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எழுத்தில் வைக்கிறேன்.

மக்காச்சோளம்:
ஒரு வரி என்றால் எனக்குச் சம்மதம். அது மூன்று பக்கப் படிவமாக வளர்ந்தால் மறுபடி இங்கே வந்து எதிர்ப்பேன்.

தென்காற்று:
‘இரவல் தரலாமா’ என்ற வரியை உங்கள் வளாகத்துக்கு வெளியே இருப்பவர்களும் பார்க்கும்படி வையுங்கள், சரக்கறை. எங்களிடமிருந்து உங்கள் ஊர் காரில் போகும் தூரம்தான்.