இடது கண் துடித்தால் நல்லது என்றார்கள்

முகம் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று இந்தக் குழுவில் இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். ஏழு வருடம் அதோடு இருந்தவள் நான். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் துடித்து இழுக்கும் இந்த நோயை டாக்டர்கள் ஹெமிஃபேஷியல் ஸ்பாசம் என்பார்கள்.

ரங்கூன் காளி கோயிலுக்குப் பக்கத்தில் எங்கள் மளிகைக் கடை. முதலில் இடது கீழ் இமை மட்டும் துடித்தது. பெண்களுக்கு இடது கண் துடித்தால் நல்லது என்று மாமியார் சந்தோஷப்பட்டார். இரண்டு வருடத்தில் அது கன்னத்துக்கு இறங்கி, வாய்க்கோணத்தையும் இழுக்க ஆரம்பித்தது. காலையில் முகத்தில் தனக்கா (பர்மாவில் பூசும் மரப்பட்டைச் சாந்து) பூசும்போது கண்ணாடியில் அந்தப் பக்கம் மட்டும் சுருங்கிச் சுருங்கி விரியும். கடைக்கு வரும் ஆண்கள் சிலர் நான் கண்ணடிப்பதாக நினைத்தார்கள். அதுதான் பொறுக்க முடியாத வேதனை. தூக்கத்தில்கூடத் துடிக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னார்.

ரங்கூனில் ஒரு டாக்டர், கவலையால் வருவது என்று தூக்க மாத்திரை எழுதினார். ஒரு வருடம் வீணாகப் போனது. அப்புறம் சென்னையில் தங்கை வீட்டுக்குப் போனபோது நரம்பு டாக்டரைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். கண்ணை மூடினால் புருவம் இறங்க வேண்டும். எனக்கு இடது புருவம் மேலே ஏறியது. அதிலேயே அவருக்குப் பாதி விளங்கிவிட்டது.

மறுநாள் நரம்புப் பரிசோதனை. பயந்துகொண்டிருப்பவர்களுக்காக விவரமாகச் சொல்கிறேன். படுக்கவைத்து, கண்ணோரத்திலும் தாடையிலும் சின்ன வில்லைகளை ஒட்டி வயர் மாட்டினார்கள். கண் பக்கம் போகும் நரம்புக் கிளையில் லேசாகக் கரண்ட் கொடுத்தார்கள். சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். வலது பக்கம் கொடுத்தபோது கண் மட்டும் துடித்தது. இடது பக்கம் கொடுத்தபோது கண்ணோடு சேர்ந்து தாடையும் துடித்தது. திரையில் அந்த அலையையும் காட்டினார்கள். கண்ணுக்குப் போக வேண்டியது வாய்க்கும் தாவுகிறதாம். "இது மனக்கவலை இல்லம்மா, நரம்பு" என்று பரிசோதனை செய்த பெண் சொன்னதும் அழுதுவிட்டேன்.

முகத்துக்கு வரும் ஏழாவது நரம்பு மூளைத்தண்டிலிருந்து வெளிப்படும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அழுத்திக்கொண்டிருந்தது எம்ஆர்ஐயில் தெரிந்தது. முதலில் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி. நன்றாகக் கேட்டது, ஆனால் மூன்று நான்கு மாதம்தான் நிற்கும். ஒவ்வொரு தடவையும் ரங்கூனிலிருந்து யார் அலைவது? நான்கு ஊசிக்குப் பிறகு ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்.

காதுக்குப் பின்னால் எலும்பில் சிறு துளை போட்டு, குழாயை நரம்பிலிருந்து விலக்கி, நடுவில் டெஃப்லான் பஞ்சு வைக்கிறார்கள். அமெரிக்க டாக்டர் பீட்டர் ஜானெட்டா 1960களில் தொடங்கிப் பரவலாக்கிய முறை. காது கேட்கும் நரம்பு ஒட்டியே போவதால் கேட்கும் திறன் போகக்கூடும், முகம் தளரக்கூடும் என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். மயக்கத்தில் இருக்கும்போதும் அதே கரண்ட் பரிசோதனை நடந்ததாம். குழாயை விலக்கியதும் தாடையில் வந்த அலை மறைந்துவிட்டது என்றார் டாக்டர்.

ஆனால் வீட்டுக்கு வந்தும் துடித்தது. மனசு உடைந்துபோனேன். நரம்பு அடங்கச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் தேற்றினார். இரண்டாவது மாதம் குறைந்து, மூன்றாவது மாதம் நின்றது.

பர்மாவின் மோல்மேன் ஊரிலிருந்து ஒருவர் கேட்டது:

அக்கா, என் அம்மாவுக்கு 61 வயது. இரண்டு கண்ணும் ஒன்றாக இறுகி மூடிக்கொள்கின்றன. இதே நோய்தானா? ஆபரேஷன் செய்தால் சரியாகுமா?

என் பதில்: தம்பி, இரண்டு கண்ணும் சேர்ந்து மூடுவது பெரும்பாலும் வேறு, இமை இழுப்பு என்பார்கள். அதற்கு இந்த ஆபரேஷன் கிடையாது, ஊசிதான் முக்கிய வைத்தியம். எதுவென்று நரம்பு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். போகும் முன் அம்மாவுக்குத் துடிக்கும்போது போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எனக்குத் துடிப்பு அடங்கிவிடும், அம்மாவுக்கும் அப்படி ஆகலாம்.