டெல்லி வெயிலும் கொதிக்கும் ப்ராசஸரும்: உங்க அனுபவம் சொல்லுங்க

முனிர்க்கா பர்சாத்தி:
மே வந்தாச்சு. லூங்கிற வெயில்காலச் சூட்டுக் காத்து அடிக்க ஆரம்பிச்சதும் "பிசி தானா அணையுது"ன்னு நம்ம ஆளுங்க வரிசையா வர்ற சீசன். பேஸ்ட் (ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல சூட்டைக் கடத்தத் தடவற பசை) மாத்து, ஃபேன் மாத்துன்னு ஆளுக்கொரு வைத்தியம் சொல்றதை விட, உங்களுக்கு என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு எழுதினா புண்ணியமாப் போகும். நானே பிள்ளையார் சுழி போடறேன்.

என்னோடது இன்டெல் ஐ5-10400 ப்ராசஸர், அதோட பெட்டியிலேயே வந்த கூலர் (ஹீட்சிங்க்ங்கிற உலோகத் தகடுகளும் மேல ஃபேனும்). வீடு மாத்தி டெம்போல ஏத்தி இறக்கினதுல இருந்து, வீடியோ ரெண்டர் போட்டா கொஞ்ச நேரத்துல படக்குனு அணையும். மொட்டை மாடி அறை, வெயில்தான் காரணம்னு எல்லாரும் சொன்னாங்க. வெப்பநிலை காட்டற எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளைத் திறந்து வெச்சுட்டு ரெண்டர் போட்டேன். 55 டிகிரியில இருந்து 100க்கு கண்ணிமைக்கிற நேரத்துல எகிறிச்சு. நிறுத்தினதும் அதே வேகத்துல இறங்கிச்சு.

இந்த வேகம்தான் துப்பு. ஹீட்சிங்க் கனமான உலோகம், அது சூடேறவே நேரம் பிடிக்கும். ப்ராசஸர் மட்டும் நொடியில கொதிச்சா, சூடு ஹீட்சிங்குக்குப் போய்ச் சேரவே இல்லைன்னு அர்த்தம். அணைச்சுட்டு உடனே தொட்டுப் பார்த்தேன், ஹீட்சிங்க் சும்மா வெதுவெதுன்னு இருந்துச்சு. கூலரைப் பிடிச்சிருக்கிற நாலு புஷ் பின்ல ஒண்ணு போர்டை விட்டுக் கழண்டு நின்னுச்சு. 100ஐத் தொட்டா ப்ராசஸர் முதல்ல வேகத்தைக் குறைச்சுக்கும்; அப்பவும் அடங்கலைன்னாதான் தன்னைக் காப்பாத்திக்க மொத்தமா அணையும். என்னோடது அந்த இரண்டாவது கட்டம்.

பழைய பேஸ்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துடைச்சேன், பட்டாணி அளவு புதுசு வெச்சேன், பின்னை எதிரெதிர் மூலையா அழுத்தினேன். 'டக்'னு சத்தம் வந்தா மட்டும் நம்பாதீங்க. மதர்போர்டைத் திருப்பி, நாலு பின்னும் பின்பக்கம் வெளியே வந்திருக்கான்னு பாருங்க. இப்ப அதே ரெண்டர் 74ல நிக்குது.

மயூர் விஹார் ஓய்வூதியர்:
தம்பி சொன்னது சட்டென்று ஏறும் சூடு. எனக்கு வாய்த்தது மெல்ல ஏறும் சூடு. காலையில் இயந்திரத்தை இயக்கினால் ஒரு குறையும் இராது. அரை மணி, முக்கால் மணி கழித்து ஃபேன் விமானம் போல் இரைய ஆரம்பிக்கும், எக்செல் கூட இழுக்கும். பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஃபேனைத் தனியாகக் கழற்றிய பிறகுதான், அதற்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் கம்பளி போல ஒரு படலம் படிந்திருந்தது கண்ணில் பட்டது.

ஏப்ரல் மாத ஆந்தியில் (புழுதிப் புயலில்) ஜன்னலைச் சாத்தினாலும் தூசி நுழைந்துவிடும், அது ஊருக்கே உள்ளது. என் வீட்டில் கூடுதலாக, அறையைக் குளிர்விக்கும் ஈரக் கூலரின் காற்று நேராக சிபியு பெட்டி மேல் பட்டுக்கொண்டிருந்தது. ஈரமும் தூசியும் சேர்ந்து தகட்டோடு ஒட்டிவிட்டன. பிரஷ்ஷாலும் ப்ளோயராலும் எடுத்தேன். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

கரோல் பாக் சர்வீஸ்:
சார் சொன்னது நூத்துக்கு நூறு. என் டேபிளுக்கு வர்றதுல பாதி தூசு கேஸ்தான். அதைப் பத்தி நான் எழுதல. ஏஎம்4ங்கிற பழைய சாக்கெட் போர்டுல ஏஎம்டியோட ரைசன் ப்ராசஸர் வெச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். பேஸ்ட் மாத்தறேன்னு கூலரை நேரா மேல இழுக்காதீங்க. பழைய பேஸ்ட் கெட்டியாகி, சாக்கெட் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸரும் கூட வந்துடும். அந்தத் தலைமுறையில மின் இணைப்புப் பின்னு ப்ராசஸர் அடியில இருக்கு. வளைஞ்ச பின்னோட அழாத குறையா வந்தவங்க நிறைய பேர். கழட்டறதுக்கு முன்னாடி ஒரு கேம் ஓட்டிச் சூடாக்குங்க, அப்புறம் அணைச்சு ப்ளக்கைப் பிடுங்கிட்டு, கூலரை இடமும் வலமும் லேசாத் திருகி எடுங்க.

இன்னொண்ணு: புதுசா அசெம்பிள் பண்ணின மெஷின் முதல் நாளே கொதிச்சா, கூலர் அடியில ஒட்டின பிளாஸ்டிக் தாளை உரிச்சாங்களான்னு பாருங்க. சிரிக்காதீங்க, நேரு பிளேஸ்ல ஒரு கடை மாட்டிக் கொடுத்த மெஷின்லயே பார்த்திருக்கேன்.

துவாரகா செக்டர் 10:
ரைசன் 7 7700எக்ஸ். ப்ராசஸரை முழுசா வேலை வாங்கிச் சோதிக்கிற சினிபெஞ்ச் போட்டா நேரா 95, அங்கேயே நின்னுடும். கூலர் இறுக்கம் சரி, பேஸ்ட் சரி, தூசு இல்லை. மண்டையை உடைச்சுக்கிட்டேன்.

மயூர் விஹார் ஓய்வூதியர்:
95 என்றால் கோளாறுதான் தம்பி. கடையில் காட்டுங்கள்.

கரோல் பாக் சர்வீஸ்:
இல்லைங்க சார், இந்த விஷயத்துல மட்டும் நான் கட்சி மாறுறேன். ரைசன் 7000 வரிசையை ஏஎம்டி அப்படித்தான் செஞ்சிருக்கு. முழு லோடுல 95 வரைக்கும் போய், அந்த எல்லைக்குள்ள எவ்வளவு வேகம் கிடைக்குமோ அவ்வளவையும் எடுக்கும். வேகமும் குறையாம 95ல நின்னா பயமே வேண்டாம். துவாரகா தம்பி, பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங்ஸ்ல) மின்சாரத்தைக் குறைக்கிற 65 வாட் ஈகோ மோடு இருக்கான்னு பாருங்க.

துவாரகா செக்டர் 10:
போட்டேன் அண்ணா. 70 சொச்சத்துக்கு இறங்கிடுச்சு, கேம்ல வித்தியாசமே தெரியல. இவ்வளவு வாட்டை இத்தனை நாள் வீட்டைச் சூடாக்கத்தான் செலவழிச்சிருக்கேன் போல.

ஆர்.கே.புரம் அம்மா:
எங்க வீட்டுக் கதை இந்த ரெண்டு ரகத்துலயும் சேராது. ராத்திரி யாருமே உபயோகிக்காதப்போ ஹால்ல சிபியு பெட்டி ஹோன்னு கத்தும். பையன் வந்து, எந்த புரோகிராம் ஓடுதுன்னு காட்டற டாஸ்க் மேனேஜரைத் திறந்தா சத்தம் அடங்கிடும், ப்ராசஸர் உபயோகம் 3 சதவீதம்னு காட்டும். "பாரும்மா, ஒண்ணுமில்ல"ம்பான். மூடினா மறுபடி கத்தல். கவனிக்கிறாங்கன்னு தெரிஞ்சா பதுங்கறது மனுஷன் பண்ற வேலை, ஃபேன் பண்ற வேலை இல்லையேன்னு எனக்கு உறுத்திச்சு. ஆபீஸ்ல ஐடி பார்க்கிற பையனைக் கேட்டேன். "டாஸ்க் மேனேஜரைத் தொடாதீங்க மேடம், டெம்பரேச்சரை மட்டும் ஃபைல்ல பதிவு பண்ணுங்க"ன்னார். ராத்திரி பூரா 85க்கு மேல. ஓசியில இறக்கின கேமோட கிரிப்டோ மைனர் (நம்ம பிசியைத் திருட்டுத்தனமா ஓட்டி டிஜிட்டல் காசு சம்பாதிக்கிற புரோகிராம்) ஒண்ணு குடிவந்திருந்துச்சு. விண்டோஸை அழிச்சுட்டுப் புதுசாப் போட்டோம், பாஸ்வேர்டு எல்லாம் மாத்தினோம். அதுக்கப்புறம் சும்மா இருக்கும்போது 45தான். பேஸ்ட் மாத்தணும்னு ஒருத்தர் எங்கிட்ட காசு கேட்டிருந்தார், நல்லவேளை கொடுக்கல.

நொய்டா 62:
எல்லாரையும் ஒண்ணு கேக்கறேன். ஜனவரியில அதே கேம்ல 68 காட்டிச்சு. இப்ப 92. பேஸ்ட் செத்துப்போச்சா?

முனிர்க்கா பர்சாத்தி:
ரூம்ல தெர்மாமீட்டர் இருக்கா? ஜனவரியில எவ்வளவு, இப்ப எவ்வளவு?

நொய்டா 62:
அப்ப 16, இப்ப 41.

முனிர்க்கா பர்சாத்தி:
68ல 16 போனா 52. 92ல 41 போனா 51. கூலர் அன்னைக்குச் செஞ்ச வேலையை இன்னைக்கும் செய்யுது. ரூம் ஏறின அளவு ப்ராசஸரும் ஏறியிருக்கு, அவ்வளவுதான். அந்த வித்தியாசம் 60, 65ன்னு போனாத்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடணும்.

நொய்டா 62:
பிசியை ஏசி ரூமுக்குத் தள்ளிட்டுப் போய் அதே கேம் போட்டேன், 78. ஆனா அது மாமியார் ரூம், ஒன்பது மணிக்குள்ள காலி பண்ணணுமாம்.