நோவி சாட் நகரில் ஸ்லாவா விருந்து: சைவம் சாப்பிடுகிறவர் போகலாமா?

பொன்னிக்கரை:
வேலை விஷயமாக செர்பியாவில் நோவி சாட் நகரில் இருக்கிறேன். அலுவலக நண்பர், "டிசம்பர் 19 எங்கள் வீட்டு ஸ்லாவா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வா என்று சொல்லவில்லை. ஸ்லாவா என்றால் வீட்டுப் புனிதரின் திருநாளாம், அவர்கள் வீட்டுப் புனிதர் நிக்கோலஸாம். இது நம் குலதெய்வம் மாதிரியா? நான் சைவம். போனால் சாப்பிட ஏதாவது கிடைக்குமா?

பெல்கிரேடு மருமகள்:
கட்டாயம் போங்க தம்பி. ஸ்லாவாவுக்குக் கூப்பிடுகிற வழக்கமே கிடையாது. நாள் தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள், அவர் தேதி சொன்னதே அழைப்புதான்.

குலதெய்வம் போலத்தான், அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும். நான் கல்யாணமாகி வந்ததும் கணவர் வீட்டுப் புனிதர் எனக்கும் ஆனார். ஆனால் நாம் குலதெய்வத்தைத் தேடி ஊருக்குப் போவோம். இங்கே பூசையே சாப்பாட்டு மேசையில்தான். மெழுகுவர்த்தி, சிவப்பு ஒயின், கோலாச் என்ற ரொட்டி, ஜிட்டோ என்கிற வேகவைத்த கோதுமை. ரொட்டியைத் தலைகீழாகத் திருப்பிச் சிலுவையாகக் கீறி ஒயின் ஊற்றுவார்கள். பிறகு வீட்டுக்காரரோடு சேர்ந்து பிடித்துச் சுற்றிப் பிய்ப்பார்கள். அந்த நேரத்தில் வீடே அமைதியாகிவிடும், எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

உள்ளே நுழைந்ததும் ஜிட்டோ நீட்டுவார்கள், ஒரு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தோர் நினைவும் அதில் உண்டு. எங்கள் வீட்டு ஸ்லாவா நவம்பர் 21, தலைமைத் தூதர் மிக்கேல் நாள். அவர் இறவாத தூதர் என்பதால் ஜிட்டோ செய்யாத வீடுகள் பல. என் மாமியாரும் செய்யமாட்டார்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். டிசம்பர் 19 கிறிஸ்துமஸ் நோன்புக்குள் வருகிறது. இறைச்சி, பால், முட்டை கிடையாது. மீன் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். பிரெபரனாட்ஸ் என்று பெரிய வெள்ளை பீன்ஸை வெங்காயத்தோடு அடுப்பில் சுட்டு வைப்பார்கள், அதைத் தேடிப் பிடியுங்கள். முட்டைக்கோஸ் இலையில் அரிசி சுற்றிய நோன்பு சர்மாவும் இருக்கலாம்.

மேகநாதன்:
அக்கா, நிக்கோலஸ் நம்மூர் காலண்டரில் டிசம்பர் 6 அல்லவா?

பெல்கிரேடு மருமகள்:
செர்பியத் திருச்சபை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுகிறது, 13 நாள் தள்ளி வரும்.

இங்கே ஒவ்வொரு புனிதருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. செர்பிய மொழியறிஞர் வுக் கராஜிச் தொகுத்த நாட்டுப்பாடல் ஒன்றில் புனிதர்கள் உலகைப் பங்கு போடுகிறார்கள்: இலியாவுக்கு (பைபிளின் எலியா) இடி, நெருப்பு மரியாவுக்கு மின்னல், நிக்கோலஸுக்கு நீரும் படகுகளும். ஆகஸ்ட் 2 இலியா நாள். வயலில் வேலை செய்தால் இடி விழும் என்று கிராமத்துப் பெரியவர்கள் இன்றும் எச்சரிப்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. அறுவடைக் காலத்தில் ஆலங்கட்டி மழையைப் பார்த்துப் பயந்தவர்களின் வழிபாடு இது.

பொன்னிக்கரை:
நன்றி அக்கா. என்ன வாங்கிப் போக?

பெல்கிரேடு மருமகள்:
ஒயின் அல்லது காபித்தூள் போதும். பூ என்றால் ஒற்றைப்படையில் வாங்குங்கள், இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. வாசலில் "ஸ்ரெச்னா ஸ்லாவா" (இனிய ஸ்லாவா) என்று சொல்லுங்கள். வீட்டுக்காரர் உட்காராமல் நின்றே பரிமாறினால் சங்கடப்பட வேண்டாம், அன்று அதுதான் முறை.