பட்டப்பகலில் மின்னலைப் படம் பிடிப்பது எப்படி?

குலசேகரம் பையன்:
சித்திரை பிறந்ததிலிருந்து மதியம் மூன்று மணியானால் பேச்சிப்பாறை மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது. நேற்று மாத்தூர் தொட்டிப் பாலத்தின் மேல் ட்ரைபாட் வைத்து நின்றேன். ஐப்பசியில் முட்டம் கடற்கரையில் இரவு மின்னலை எடுத்த அதே கணக்குதான்: ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் திறப்பு பத்து விநாடி. படம் முழுவதும் வெள்ளை. ஒளியை 64 மடங்கு குறைக்கும் என்டி ஃபில்டரை மாட்டி நான்கு விநாடி வைத்தேன். மேகம் அழகாக வந்தது. கண்ணெதிரே இறங்கிய மின்னலோ தலைமுடி அளவுகூடத் தெரியவில்லை. எங்கே தவறுகிறேன்?

தக்கலை ஸ்டூடியோ:
தம்பி, முதலில் அந்தப் பாலம். 115 அடி உயரத்தில், தலைக்கு மேல் எதுவுமில்லாத இடத்தில், இடி முழங்கும்போது நின்றிருக்கிறாய். படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இனி ஒருமுறைகூட அப்படிச் செய்யாதே.

இரவில் ஷட்டரைத் திறந்துவைத்துக் காத்திருக்கலாம், வானம் கறுப்பாக இருக்கிறது. பகலில் அது நடக்காது. மின்னலின் வெளிச்சம் ஒரு விநாடிக்குள் வந்து முடிந்துவிடுகிறது. பத்து விநாடி திறந்துவைத்தாலும் அது கூடுவதில்லை, வானத்தின் வெளிச்சம்தான் சேர்ந்துகொண்டே போகிறது. ஃபில்டர் இரண்டையும் 64இல் ஒரு பங்காக்குகிறது. நான்கு விநாடியில் வானம் இழந்ததை மீட்டுக்கொள்கிறது, மின்னலுக்கு அந்த அவகாசம் கிடையாது. ஆகவே ஃபில்டரைக் கழற்று. நல்ல கார்மேகம் என்றால் ஐஎஸ்ஓ 100, எஃப் 16, எட்டில் ஒரு விநாடி. மின்னல் மெலிவாக விழுந்தால் துளையைப் பெரிதாக்கி எஃப் 11, பதினைந்தில் ஒன்று.

இத்தனை குறுகிய நேரத்தில் எப்படிப் பிடிப்பது என்று கேட்பாய். கண் கண்டு விரல் அழுத்துவதற்குள் கால் விநாடி போய்விடும். ஆனால் மின்னல் துடிப்பதைப் பார்த்திருப்பாயே? பெரும்பாலும் ஒரே தடத்தில் மூன்று நான்கு முறை பாய்கிறது, இடைவெளி ஏறக்குறைய விநாடியில் இருபதில் ஒரு பங்கு. கேமராவில் மாட்டும் லைட்னிங் ட்ரிக்கர் என்ற கருவி முதல் பாய்ச்சலைக் கண்டு ஷட்டரைத் திறக்கிறது, அடுத்தவை படத்தில் விழுகின்றன. ஒரே பாய்ச்சலோடு முடிகிற மின்னல் தப்பிவிடும். ஆட்டோ ஃபோகஸை நிறுத்திவிட்டு மலை விளிம்பில் கையால் ஃபோகஸ் வை.

என் மாடி அறை ஜன்னல் வேளிமலையைப் பார்த்திருக்கிறது. பதினோரு வருடமாக அந்த ஜன்னலுக்கு உள்ளிருந்துதான் எடுக்கிறேன். முகடு அதேதான், மேகம் ஒருநாள் வந்ததுபோல் மறுநாள் வந்ததில்லை.

முட்டம் கடலோரம்:
ட்ரிக்கர் இல்லாவிட்டால் ஷட்டரை அழுத்தியபடியே தொடர்ச்சியாக எடுங்கள், அண்ணன் சொன்ன எட்டில் ஒரு விநாடி அதற்கும் பொருந்தும். 4கே வீடியோவிலிருந்தும் ஒரு சட்டகத்தைப் பிரிக்கலாம், ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல் கிடைக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் வெளியே நிற்க வேண்டாம், கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் உள்ளேயே இருங்கள். கிளம்பும் முன் தாமினி செயலியைப் பாருங்கள், சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுவதைக் காட்டும்.

குலசேகரம் பையன்:
இன்று பாலத்துக்குப் போகவில்லை, அண்ணா. வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக எட்டில் ஒரு விநாடி வைத்து 380 படம் எடுத்தேன். ஒன்றே ஒன்றில், ரப்பர் தோட்டத்துக்கு அப்பால், இரண்டாகக் கிளைத்து இறங்குகிறது. இடது ஓரத்தில் ஜன்னல் கம்பி விழுந்திருக்கிறது. வெட்டி எடுக்க மனம் வரவில்லை.