செயலியில் வரைந்து தச்சு பழகியவர்கள்: அனுபவப் பகிர்வு

உளியைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாத நிலையில் புத்தக அலமாரி செய்யக் கிளம்பியவன் நான். துணைக்கு இருந்தது உலாவியிலேயே ஓடும் ஸ்கெட்ச்அப் இலவசப் பதிப்பு. கட்டடம் வரைகிறவர்களை மனதில் வைத்து 2000-இல் வந்த மென்பொருள் அது. நடுவில் கூகுள் கைக்குப் போய், 2012-இல் டிரிம்பிள் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. மரவேலைக்காரர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதிலுள்ள புஷ்-புல் ஒன்றே போதும். ஒரு செவ்வகம் போட்டு, இழுத்து, 18 என்று தட்டினால் 18 மி.மீ. கனத்தில் பலகை எழுந்து நிற்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்: ஒவ்வொரு பலகையையும் வரைந்த கையோடு காம்பொனென்ட், அதாவது தனித்து நிற்கும் ஒரு பாகம், ஆக்கிவிடுங்கள். ஆக்காமல் விட்டால் பக்கத்துப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். ஒன்றை நகர்த்தினால் மற்றது கோணிக்கொண்டு பின்னாலேயே வரும். ஆக்கி வைத்துவிட்டால், ஒரு தட்டைத் திருத்தும்போது அதன் நகல்கள் எல்லாம் தாமாகவே திருந்திக்கொள்ளும்.

பிளைவுட் வந்து இறங்கிய அன்றுதான் அதன் அருமை புரிந்தது. 18 மி.மீ. என்று பெயர், கனம் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்துப் பார்த்தால் 17.4. அலமாரியின் உயரத்தில் இந்த வித்தியாசத்தை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் பக்கப் பலகையில் காடி (நீளப் பள்ளம்) எடுத்துத் தட்டைச் செருகுகிற வேலையில் அரை மி.மீ. என்பது பெரிய சந்து, தட்டு லொடலொடவென்று ஆடும். தட்டின் கனத்தையும் காடியின் அகலத்தையும் செயலியில் மாற்றிய பிறகே ரம்பத்தை எடுத்தேன். மரம் வரட்டும், அளந்து பார்ப்போம், அப்புறம் கடைசி வரைபடம் என்பதே இன்றும் என் வரிசை.

செயலி வாயே திறக்காத இடமும் ஒன்று உண்டு. 900 மி.மீ. நீளத் தட்டை இரண்டு பக்கம் மட்டும் தாங்க வைத்து வரைந்தாலும் திரையில் அது கோடு போட்டதுபோல் நேராகவே நிற்கும். புத்தகம் அடுக்கினால் நடு தொய்யும். அதே பாரம், அதே கனம், நீளம் மட்டும் இரட்டிப்பானால் தொய்வு எட்டு மடங்கு. கனத்தை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். இந்தக் கணக்கு தெரிந்தபிறகு நடுவில் ஒரு செங்குத்துப் பலகை சேர்த்தேன், முன்விளிம்பில் ஒரு சட்டம் ஒட்டினேன். தொய்வு கணக்குப் போட்டுத் தரும் தளங்கள் தனியாக இருக்கின்றன, வரைகிற செயலியிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

* * *

மேலே எழுதியவர் வெட்டுப் பட்டியலைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார், நான் சேர்த்துவிடுகிறேன். 2440 மி.மீ. பலகையில் 610 மி.மீ. துண்டுகள் எத்தனை தேறும்? நான்கு என்று சொல்லத் தோன்றும். மூன்றுதான் தேறும். வட்ட ரம்பத்தின் பல் சுமார் 3 மி.மீ. மரத்தைத் தூளாக்கிக்கொண்டே போகிறது. மூன்று வெட்டு போட்டால் 9 மி.மீ. காலி, நாலாவது துண்டு 601-இல் நிற்கும். பலகையில் துண்டுகளை அடுக்கித் தருகிற செயலிகளில் ‘கெர்ஃப்’, அதாவது ரம்பம் தின்னும் அகலம், என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே உங்கள் ரம்பத்தின் அளவைப் போடுங்கள், ஏற்கெனவே இருக்கிற எண்ணை நம்ப வேண்டாம். கழிவுக் கட்டையில் ஒரு வெட்டு போட்டு அந்த இடைவெளியை அளந்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று. இடத்தை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று செயலி துண்டுகளைத் திருப்பித் திருப்பி அடுக்கும். கதவுப் பலகைகளில் ஒன்றில் மர ரேகை நெடுக்கிலும் மற்றதில் குறுக்கிலும் வந்தால் பார்க்கச் சகிக்காது. முகப்பில் வருகிற துண்டுகளுக்கு மட்டும் சுழற்ற அனுமதிக்காதபடி பூட்டிவிடுங்கள்.

* * *

எனக்குத் தொழிலே தச்சுதான். செயலி பக்கம் போனதில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் போனை நீட்டினான். “அண்ணே, மேசை வரைஞ்சிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க” என்றான். வரைபடம் அழகாகத்தான் இருந்தது. திட மரப் பலகைகளை ஒட்டி 600 மி.மீ. அகலத்தில் மேல்பலகை, அதைக் கீழ்ச்சட்டத்தோடு நாலு பக்கமும் பசை போட்டு இறுக்குவதாக எழுதியிருந்தான்.

“தம்பி, இந்தப் பலகை எந்தப் பக்கம் நடக்கும்?” என்று கேட்டேன். முழித்தான். மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் ஈரக் காலத்தில் உப்பும், வறண்ட காலத்தில் சுருங்கும். மரத்துக்கு மரம் வேறுபடும் என்றாலும், மரத்திலுள்ள ஈரம் நாலு சதவீதம் ஏறி இறங்கினால் 600 மி.மீ. பலகை ஐந்தாறு மி.மீ. வரை நகரலாம். நாலு பக்கமும் பசை போட்டுப் பிடித்தால் அதற்குப் போக்கிடம் இல்லை, எங்காவது வெடித்து வழி பண்ணிக்கொள்ளும். சட்டத்தின் உள்பக்கம் காடி வெட்டி, அதில் நாக்கு (துருத்தி நிற்கும் முனை) நுழைகிற மாதிரி சின்னக் கட்டைகள் செய்து, கட்டைகளை மட்டும் மேல்பலகையில் திருகச் சொன்னேன். பலகை நகரும்போது நாக்கு காடிக்குள் சறுக்கிக்கொள்ளும். பிளைவுட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதனால்தான் பிளைவுட்டில் பழகிவிட்டுத் திட மரத்துக்கு வருகிற பிள்ளைகள் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

அடுத்ததாக, “இதை எந்த வரிசையில் பூட்டுவே?” என்றேன். திரையில் முடிந்த மேசைதான் நிற்கிறது, பூட்டுகிற முறை அதில் இல்லை. நாலு பக்கமும் நாக்கு வைத்த சட்டத்தைக் கடைசியில் எந்த வழியாக உள்ளே விடுவது? அவன் யோசித்து, ஒவ்வொரு பாகத்தையும் ஒரே திசையில் நேராக இழுத்து வெளியே எடுத்துப் பார்த்தான். ஒரு சட்டம் வரவே இல்லை, இன்னொரு காலைக் கிழித்துக்கொண்டுதான் வந்தது. பிரித்தால் வராதது பூட்டினாலும் போகாது. முதலில் இரண்டு கால்களையும் நடுச்சட்டத்தையும் ஒரு ஜோடியாகப் பசை போட்டுக் காயவிட்டு, எதிர்ப்பக்கமும் அப்படியே செய்து, பிறகு நீளச் சட்டங்களால் இரண்டையும் சேர்ப்பது என்று முடிவானது. எங்கள் பட்டறையில் நாங்கள் மனசுக்குள் பிரித்துப் பூட்டுவதை அவன் கண்ணால் பார்த்துச் செய்தான். அந்தச் செயலி மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

டிராயர் விஷயத்தில் அவன் எனக்கே ஒரு வேலையை மிச்சப்படுத்தினான். டிராயர் ஓடுவதற்குப் பக்கவாட்டில் பொருத்துகிற பால்பேரிங் சேனல் ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இடம் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 25.4. பெட்டியின் உள்ளகலத்தில் இதைக் கழித்து டிராயரின் அகலத்தை அந்தச் செயலி தானே போட்டுக்கொள்கிறது. பெட்டி அளவை மாற்றினால் டிராயரும் கூடவே மாறுகிறது. ஃபியூஷன், ஃப்ரீகேட் மாதிரியான வரைகிற செயலிகளில் இப்படிச் செய்யலாமாம். நான் துண்டுக் காகிதத்தில் கூட்டிக் கழிக்கிற கணக்கு அது.

* * *

மேலே எழுதிய தச்சர் அண்ணா சொன்ன “எந்தப் பக்கம் நடக்கும்” கேள்வியை என் கருவிப்பெட்டி மூடியில் எழுதி ஒட்டிவிட்டேன்.

என் வேலை முழுக்கக் கைக்கருவிகளில். சத்தம் போடுகிற இயந்திரத்துக்கு என் அறையில் இடமில்லை. நான் செயலியை வரைகிறதற்குப் பயன்படுத்துவதைவிட அச்சு எடுக்கத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். ஸ்டூல் காலின் வளைவு, கைப்பிடியின் வடிவம் இவற்றை உண்மை அளவிலேயே அச்சடித்து, பலகையில் ஒட்டி, கோட்டை ஒட்டி அறுப்பேன். அச்செடுக்கும் முன் பார்வையைப் பேரலல் புரொஜெக்ஷனுக்கு (தூரத்தால் அளவு சுருங்காத பார்வை) மாற்றி, நேர் முகப்பாக வைக்க வேண்டும். தூரத்தில் உள்ளதைச் சிறிதாகக் காட்டும் பெர்ஸ்பெக்டிவில் விட்டால் அளவு வராது. வரைபடத்தின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றையும் போட்டுவைப்பேன். அச்சில் அது 97 என்று வந்தால் பிரிண்டர் தாளுக்கு ஏற்றபடி சுருக்கிவிட்டது என்று அர்த்தம், அந்தத் தாள் குப்பைக்கு.

இணைப்பு வெட்டும்போது மட்டும் செயலியை மூடிவிடுகிறேன். நாக்கின் கனம் திரையில் 8 மி.மீ. என்று இருக்கலாம், ஆனால் அது நுழைகிற துளையை எடுத்தது என் உளி. உளியின் உண்மையான அகலம் எதுவோ அதுதான் துளையின் அகலம். துளையை முதலில் வெட்டி, அதை வைத்து நாக்கைக் குறித்து, குறித்ததைவிடக் கொஞ்சம் தடிமனாக அறுத்து, இழைத்து இழைத்து உள்ளே விடுகிறேன். கையால் அழுத்தினால் போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. குறிப்பதும் பென்சிலால் இல்லை, கத்தி முனையால். கத்திக் கீறலில் உளி தானாகப் போய் உட்காரும். பென்சில் கோட்டில் எந்த ஓரம் என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கும்.

மேலே அலமாரி செய்தவருக்கு ஒரு கேள்வி: பின்பலகையைக் காடியில் செருகினீர்களா, பின்னால் வைத்து ஆணி அடித்தீர்களா? ஆணிதான் என்றால், அடிக்கும் முன் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டால் நீளமாக இருக்கிற மூலைவிட்டத்தின் இரு முனையையும் கிளாம்பால் நெருக்கிச் சரிபண்ணிவிட்டு அடியுங்கள். பின்பலகை பிடித்துவிட்டால் பெட்டி அந்தக் கோணத்திலேயே நின்றுவிடும்.