மேல் கபேட்டுக்குக் கீழ் ஸ்ட்ரிப் லைட்: ஒரு பக்கம் மங்கல், அணைத்தாலும் மின்னுகிறது. என்ன செய்யலாம்?

அலையோரம் (வெள்ளவத்தை)

வணக்கம். போன மாதம் குசினிக்குப் பான்ட்ரி கபேட் அடித்தோம். மேல் கபேட் இடது பக்கம் 180 சென்டிமீற்றர், நடுவில் அடுப்பும் ஹூட்டுமாக 60, வலது பக்கம் 90. தட்டு பளபளக்கும் கறுப்புக் கிரனைட். வயரிங் பாஸ் மேல் கபேட்டின் அடியில், சுவரோடு ஒட்டினாற்போல ஸ்ட்ரிப் லைட் ஒட்டிவிட்டுப் போனார். வெள்ளை வெளேரென்ற டேலைட்.

முதல் நாள் வீடே கலியாண வீடு மாதிரி இருந்தது. இப்போது கதை வேறு. வலது பக்கம் மங்கலாக எரிகிறது. அரை மணி நேரம் போனால் எல்லாமே அணைந்து, கொஞ்ச நேரத்தில் தானாக வருகிறது. இரவில் சுவிச்சை அணைத்த பிறகும் சில வினாடிக்கு ஒருமுறை மின்னுகிறது. அம்மா தண்ணீர் குடிக்கப் போய் இரண்டு தரம் பயந்துவிட்டார். கிரனைட்டில் லைட்டின் புள்ளிகள் எல்லாம் வரிசையாகத் தெரிகின்றன. இவ்வளவு வெளிச்சம் இருந்தும் வெங்காயம் வெட்டும் இடம் இருட்டாகவே இருக்கிறதாம், மனைவி சொல்கிறார்.

புறக்கோட்டையில் ஒரு கடையில் கேட்டேன். கூடிய வாட்ஸில் வேறு ஸ்ட்ரிப் போடச் சொன்னார்கள். அப்படியே வாங்கட்டுமா?

பழைய வயர்க்காரன் (கொட்டாஞ்சேனை)

தம்பி, அவசரப்பட்டு ஒன்றும் வாங்காதீர்கள். கூடிய வாட்ஸ் போட்டால் இப்போது அரை மணியில் அணைவது கால் மணியில் அணையும்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பவர் சப்ளை பெட்டியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று இருக்கிறது? ஸ்ட்ரிப் ஒரு மீற்றருக்கு எத்தனை வாட்? சுவிச்சில் சிறிய சிவப்பு லைட் இருக்கிறதா? வீட்டில் மல்டிமீற்றர் இருந்தால், ஸ்ட்ரிப் எரியும்போது தொடக்கத்திலும் கடைசி முனையிலும் வோல்ட் அளந்து பாருங்கள். அது 12 வோல்ட் பக்கம்தான், பயமில்லை. பவர் சப்ளைக்கு உள்ளே வரும் 230 வோல்ட் பக்கம் மட்டும் கை வைக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனை அக்கா

வோல்ட் கணக்கை அண்ணா பார்த்துக்கொள்வார். நான் சமைக்கிற ஆள், வெங்காயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

உங்கள் கீழ்த் தட்டு 60 சென்டிமீற்றர் அகலம் இருக்கும், மேல் கபேட் முப்பது, முப்பத்தைந்துதான் இருக்கும். ஸ்ட்ரிப் சுவரோடு ஒட்டி இருந்தால் வெளிச்சம் எங்கே விழும்? ரைல்ஸில் விழும். ரைல்ஸ் ஜொலிக்கும், படமெடுத்தால் அழகாக இருக்கும். ஆனால் வெட்டுப்பலகை இருப்பது தட்டின் முன்பக்கம். அங்கே விழுவது சீலிங் லைட், அதையும் நம் தலையே மறைத்துவிடுகிறது. ஸ்ட்ரிப் கபேட்டின் முன் ஓரத்துக்கு வரவேண்டும், அதன் முகம் கொஞ்சம் சுவரை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். அதற்கென்றே 45 பாகை மூலை அலுமினியப் பட்டி விற்கிறார்கள். முன்னால் மூன்று, நாலு சென்டிமீற்றர் பலகைத் துண்டு ஒன்று தொங்கினால் ஹாலில் இருப்பவர் கண்ணில் குத்தாது.

எங்கள் வீட்டில் இதே பிழையைச் செய்து, ஒரு வருடம் ரைல்ஸுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தோம்.

அலையோரம்

அண்ணா, பார்த்தேன். பவர் சப்ளையில் 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருக்கிறது. இடது கடைசிக் கபேட்டுக்குள், அம்மாவின் பால்மாப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. தொட்டால் கை சுடுகிறது. ஸ்ட்ரிப் மீற்றருக்கு 14.4 வாட். தொடக்கத்தில் 11.6 வோல்ட், வலது முனையில் 9.9. சுவிச்சில் சிவப்பு லைட் இருக்கிறது, இருட்டில் சுவிச்சைத் தேடாமல் இருக்கட்டும் என்று நாங்கள்தான் கேட்டு வாங்கினோம்.

அக்கா, ரைல்ஸ் ஜொலிப்பது உண்மைதான். வந்தவர்கள் எல்லோரும் ரைல்ஸைத்தான் புகழ்ந்தார்கள்.

பழைய வயர்க்காரன்

எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. கணக்கைப் பாருங்கள்.

உங்களிடம் இருப்பது 180 உம் 90 உம் சேர்ந்து 2.7 மீற்றர் ஸ்ட்ரிப். மீற்றருக்கு 14.4 என்றால் கிட்டத்தட்ட 39 வாட். பெட்டி தருவது 12 பெருக்கல் 3, அதாவது 36. முழுச் சுமைக்கே போதாது, அதையும் பால்மாப் பெட்டிகளுக்குள் காற்றில்லாமல் அடைத்திருக்கிறார்கள். சூடு ஏறினதும் தன்னைக் காப்பாற்ற அது அணைகிறது, ஆறினதும் வருகிறது. நாள் முழுக்க எரியும் பவர் சப்ளைக்கு 80 வீதத்துக்கு மேல் சுமை கொடுக்கக் கூடாது என்பது வழக்கம். 39 ஐ 0.8 ஆல் வகுத்தால் 49 வரும். கடையில் கிடைப்பதில் 60 வாட் எடுங்கள். மூடின கபேட்டில் வைத்தாலும் சுற்றிவரக் காற்றுக்கு இடம் விடுங்கள்.

வலது பக்க மங்கலுக்குப் பெட்டி மட்டும் காரணமில்லை. பாஸ் இடது முனையில் கரண்ட் கொடுத்து, இடது ஸ்ட்ரிப்பின் வால் நுனியிலிருந்து வயர் இழுத்து வலதுக்குக் கொடுத்திருக்கிறார், இல்லையா? வலதுக்குப் போகும் கரண்ட் எல்லாம் இடது ஸ்ட்ரிப்பிலுள்ள கடதாசி மாதிரி மெல்லிய செம்பைத் தாண்டித்தான் போகிறது. வழியிலேயே வோல்ட் கரைந்துவிடுகிறது. பவர் சப்ளையிலிருந்து வலது பக்கத்துக்குத் தனியாக ஒரு சோடி வயர் போடுங்கள், 1 சதுர மில்லிமீற்றர். மணி அடிக்கிற மெல்லிய வயர் வேண்டாம்.

புதிதாகவே வாங்குவதென்றால் 24 வோல்ட் ஸ்ட்ரிப் நல்லது. அதே வாட்ஸுக்குக் கரண்ட் பாதிதான், இழப்பும் குறைவு. ஆனால் பெட்டியும் 24 ஆக இருக்க வேண்டும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 24 இல் கொளுவினால் ஒரு நிமிடம் பிரமாதமாக எரியும், அப்புறம் குப்பைத் தொட்டிதான்.

மின்னுவது பேய் இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சுவிச்சிலுள்ள சிவப்பு லைட் எரிவதற்கு, அணைத்த நிலையிலும் துளிக் கரண்ட் அதன் வழியாகப் பவர் சப்ளைக்குள் கசிகிறது. உள்ளே கப்பாசிற்றரில் அது சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, நிறைந்ததும் லைட் ஒரு தரம் மின்னுகிறது. பழைய குண்டு பல்பில் இது கண்ணுக்கே தெரியாது. சிவப்பு லைட் இல்லாத சுவிச் மாற்றுங்கள். மாற்றியும் மின்னினால், சுவிச் நியூட்ரல் வயரில் போடப்பட்டிருக்கலாம், எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தெஹிவளை வாடகை

நாங்கள் வாடகை வீடு, சுவரில் ஆணி அடித்தாலே வீட்டுக்காரர் வந்துவிடுவார். யூ.எஸ்.பி. யில் சார்ஜ் செய்கிற, காந்தத்தில் ஒட்டும் சென்சர் லைட் இரண்டு வைத்திருக்கிறோம். வெட்டப் போதும். சார்ஜ் போட மறந்தால் அன்றைக்கு இருட்டுத்தான்.

கொட்டாஞ்சேனை அக்கா

நிறத்தையும் யோசியுங்கள். டேலைட் என்று விற்கும் 6500 கெல்வினில் பாரை மீன் வாங்கி வந்து பார்த்தால் நேற்றைய மீன் மாதிரி இருக்கும். 3000 மஞ்சள், ஹாலுக்கு இதம். குசினிக்கு என் கணக்கில் 4000 தான். ஸ்ட்ரிப் வரும் பெட்டியில் சி.ஆர்.ஐ. 90 என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதற்கான அளவு அது. அது குறைந்தால் மிளகாய்த்தூளும் சரக்குத்தூளும் ஒரே நிறம்.

பழைய வயர்க்காரன்

அக்கா சொல்வது சரி, ஆனால் என் மனைவி 6500 க்குக் குறைந்தால் குசினிக்குள் வரமாட்டார். இதில் நான் வாய் திறப்பதில்லை.

கிரனைட் புள்ளிக்கு: சி.ஓ.பி. என்று ஒரு வகை ஸ்ட்ரிப் இருக்கிறது, புள்ளி இல்லாமல் ஒரே கோடாக எரியும். இல்லாவிட்டால் பால் வெள்ளை மூடி போட்ட ஆழமான அலுமினியப் பட்டி. ஆனால் ஒன்று, கறுப்புப் பளபளப்புக் கிரனைட் கண்ணாடி மாதிரி. புள்ளிதான் போகும், மெல்லிய கோடு தெரியத்தான் செய்யும். ஒட்டுவதற்கு முன் இரவில் ரேப் போட்டுத் தற்காலிகமாகப் பிடித்து, சமைக்கும் இடத்தில் நின்று பாருங்கள்.

அலுமினியப் பட்டி போடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ட்ரிப்பின் சூட்டை அது இழுத்துக்கொள்ளும். தாளிக்கிற ஆவியும் எண்ணெயும் படும் இடத்தில் ஸ்ட்ரிப்பின் பசை நிற்காது, பட்டியை ஸ்குரூ போட்டால் நிற்கும். கபேட் பலகை 16 மில்லிமீற்றர் என்றால் 12 மில்லிமீற்றர் ஸ்குரூ. நீளமானது போட்டால் மேலே கோப்பை வைக்கும் இடத்தில் முள்ளு மாதிரி வந்து நிற்கும். நீங்கள் கடற்கரைப் பக்கம் வேறு, உப்புக் காற்றில் கிளிப் இணைப்புகள் பச்சை பிடிக்கும். இணைப்புகளை ஈயம் வைத்து ஒட்டச் சொல்லுங்கள்.

அலையோரம் (இரண்டு வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. இந்தத் தரம் வேறு எலக்ட்ரீசியன் வந்தார். 24 வோல்ட் சி.ஓ.பி., மீற்றருக்கு 10 வாட், 4000 கெல்வின். மொத்தம் 27 வாட், அதற்கு 40 வாட் பெட்டி. வலதுக்குத் தனி வயர். முன் ஓரத்தில், சரிவான பட்டியில். பழைய ஸ்ட்ரிப்பை விட வாட்ஸ் குறைவு, வெட்டும் இடத்தில் வெளிச்சம் கூட. சுவிச்சை மாற்றியதும் மின்னுவது நின்றுவிட்டது. கிரனைட்டில் அண்ணா சொன்ன கோடு இருக்கிறது. மனைவி அதற்கு மேல் ஒரு தட்டை வைத்துவிட்டார்.

அம்மாவுக்குத்தான் வெள்ளை லைட் போனது கவலை. பழைய ஸ்ட்ரிப்பையும் பெட்டியையும் சாமித்தட்டுக்குப் போடச் சொல்கிறார். போடலாமா?

பழைய வயர்க்காரன்

ஒரு மீற்றர் வெட்டிப் போடுங்கள். 14.4 வாட், அந்தப் பெட்டிக்கு அது பாதிச் சுமை கூட இல்லை. மூன்று லைட்டுக்கு ஒரு கத்தரிக்கோல் அடையாளம் இருக்கும், அந்தக் கோட்டில் மட்டும் வெட்டுங்கள். பெட்டியைக் கற்பூரம் கொளுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

அலையோரம்

சரி அண்ணா. சுவிச்சில் சிவப்பு லைட் வேண்டும் என்று அம்மா கேட்டார், மறுத்துவிட்டேன்.